சூடு ஆறும் வரை

காலாப்பட்டுச் சாலையில் தெய்வநாயகத்தின் கார் நின்றபோது காலை பதினொரு மணி இருக்கும். 1958ஆம் வருஷம், சித்திரை மாசம். முன்மூடியின் இடுக்கு வழியாக வெள்ளை ஆவி புகைந்து கிளம்பியது. பின் சீட்டில் பிரசவப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அவன் மனைவி சொர்ணம், "மறுபடியுமா?" என்றாள்.

அந்த மாசத்தில் அது நான்காவது தடவை. பிரெஞ்சுக்காரர்கள் ஊரை விட்டுக் கிளம்பிய நாட்களில் ஒரு முசே துரை கப்பலேறுவதற்கு முன் விற்றுவிட்டுப் போன கறுப்பு வண்டி அது. முதலியார்பேட்டையில் குடியிருந்த தெய்வநாயகம் அதை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். சொர்ணம் பிரசவ ஆஸ்பத்திரியில் பயின்ற மருத்துவச்சி. சுற்றுக் கிராமங்களில் யாருக்காவது வலி கண்டு ஆள் வந்தால், எந்தச் சவாரி இருந்தாலும் விட்டுவிட்டு அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவான். வண்டி வந்த நாலு வருஷத்தில் அது பேசி வைத்துக்கொள்ளாத வழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது.

அன்றைக்கு வலி கண்டிருந்தவள் பூவாயி. காலாப்பட்டுக்கு அப்பால் கடலோரக் குப்பத்துப் பெண். தலைப்பிரசவம். ஒன்றரை நாளாக வலி. இன்னும் இரண்டு மைல் போனால் குப்பம்.

தெய்வநாயகம் இறங்கிப் போய் முன்மூடியைத் தூக்கினான். தோளில் கிடந்த துண்டை எடுத்து ரேடியேட்டர் மூடியின்மேல் போட்டான். கொஞ்சம் ஆறட்டும் என்று சொர்ணம் உள்ளேயிருந்து சொன்னாள். அந்தப் பொண்ணு காத்துக்கிட்டிருக்காளே என்று சொல்லிக்கொண்டே அவன் மூடியைத் திருகினான்.

மூடி தெறித்துப் போய் எங்கோ விழுந்தது. கொதிக்கிற தண்ணீரும் ஆவியும் ஒன்றாகச் சீறி வந்து அவன் வலது கையிலும் கழுத்திலும் பாதி முகத்திலும் அடித்தன. அவன் கத்தக்கூட இல்லை. ரோட்டு மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

சொர்ணம் ஓடி வந்தாள். பக்கத்துத் தென்னந்தோப்பில் கிணறு இருந்தது. அவனை அங்கே நடத்திக்கொண்டு போய், தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் குடத்தை வாங்கி, கையிலும் முகத்திலும் மெல்ல ஊற்றிக்கொண்டே இருந்தாள். அந்தப் பெண் மண்ணெண்ணெய் தடவலாம் என்றாள். சொர்ணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த குடம் கேட்டாள். அவன் உடம்பு நடுங்க ஆரம்பித்த பிறகுதான் நிறுத்தி, பெட்டியிலிருந்த வெள்ளைத் துணியை நனைத்துப் போர்த்தினாள்.

"நீ போ" என்றான் தெய்வநாயகம். வலது கண் மூடிக்கொண்டிருந்தது. "நான் செத்துப் போவல. நீ கெளம்பு."

அவனை அந்தப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு சொர்ணம் மணலில் நடந்தாள். அவள் போய்ச் சேர்ந்தபோது குழந்தை பிறந்திருந்தது. கழுத்தில் கொடி சுற்றி, மூச்சில்லாமல் பிறந்திருந்தது. அவளால் முடிந்ததையெல்லாம் செய்து பார்த்தாள். பிறகு தாய்க்கு ஆகவேண்டியதைப் பார்த்தாள். பூவாயி பிழைத்துக்கொண்டாள்.

அந்த வீட்டில் யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பூவாயி மட்டும், சொர்ணம் கிளம்பும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா புள்ளை இருந்திருக்குமா என்று கேட்டாள். சொர்ணம் அந்தக் கையைப் போர்வைக்குள் வைத்துவிட்டு எழுந்தாள். பதில் அவளுக்குத் தெரியும். அரைமணி முன்னால் வந்திருந்தால் போதும்.

தெய்வநாயகம் இருபத்திரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். கண் தப்பியது. வலது கன்னமும் கழுத்தும் சுருங்கி, கைவிரல்கள் இரண்டு முழுசாக நீட்ட வராமல் போயின. பார்க்க வந்தவர்கள் எல்லாரும், அந்தச் சனியனைத் தலைமுழுகிவிடு என்றார்கள். அவனும் அதையேதான் சொன்னான்.

"வித்துட்டா, அடுத்தாப்ல ஆள் வந்தா நான் எதுல போறது?" என்றாள் சொர்ணம். "அது ஏன் கொதிக்குதுன்னு இதுவரைக்கும் நாம கேக்கவே இல்ல. கொதிச்சா தண்ணி ஊத்தினோம், அவ்ளோதான். நான் கேக்கப் போறேன்."

நெல்லித்தோப்பில் கார் ரிப்பேர் பட்டறை வைத்திருந்த அம்மாவாசையிடம் வண்டியை இழுத்துக்கொண்டு போகச் சொன்னாள். அம்மாவாசை கைசுத்தமான தொழில்காரர். ஆனாலும் பார்த்ததுமே, எஞ்சினின் மேல்பாகமான தலையைக் கழற்றித்தான் ஆகவேண்டும், செலவு பிடிக்கும் என்றார். சொர்ணம் பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள். தண்ணீர் எங்கே இருந்து கிளம்பி எங்கே போகிறது என்று காட்டச் சொன்னாள். அவர் காட்டினார். எஞ்சினைச் சுற்றி ஓடிச் சூட்டை வாங்கிக்கொள்கிற தண்ணீர், மேல் ரப்பர் குழாய் வழியாக ரேடியேட்டருக்கு வந்து, மெல்லிய பித்தளைக் குழல்களில் இறங்கும்போது காற்றில் ஆறி, கீழ்க் குழாய் வழியாகத் திரும்ப எஞ்சினுக்கே போகிறது. நோயாளியைக் கேட்பது போல அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். எப்போதிருந்து இப்படி, மேட்டில் ஏறும்போதா மணலில் போகும்போதா, எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் குறைகிறது.

கடைசியில் அவர்தான் கேட்டார்: "அதுக்கு என்ன தண்ணிம்மா ஊத்துறீங்க?"

வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் என்று சொல்ல வாயெடுத்தவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். அந்தக் கிணறு உப்பு. குடிக்கக் குழாய்த் தண்ணீர்தான் பிடித்து வருவார்கள். பிரசவக் கத்திரியும் கிடுக்கியும் கொதிக்கவைக்கிற பாத்திரத்தில் முன்பெல்லாம் அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் ஊற்றினாள். ஆறே மாசத்தில் அடியில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகக் காறை படிந்து, தண்ணீர் கொதிக்கவே இரண்டு மடங்கு நேரம் எடுத்தது. அதிலிருந்து மழைத்தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்கிறாள். கிடுக்கிக்கு நல்ல தண்ணீர் பார்த்தவள் வண்டிக்குப் பார்க்கவில்லை.

எழுந்து போய், குளிர்ந்து கிடந்த ரேடியேட்டரின் வாய்க்குள் விரலை விட்டுச் சுரண்டினாள். நகத்தில் வெள்ளைக் காறை ஒட்டிக்கொண்டு வந்தது. அம்மாவாசை அதைக் கையில் வாங்கி நசுக்கிப் பார்த்தார். தலையைக் கழற்ற வேண்டாம், இதை முதலில் பார்ப்போம் என்றார்.

புளித்தண்ணீர் விட்டால் காறை கரையுமே என்று அவள் கேட்டதற்கு, புளிப்பு ஈயப் பற்று வைத்த இடங்களையும் அரித்துவிடும் என்று சொல்லி, சலவைச் சோடாவைக் கரைத்து ஊற்றினார். எஞ்சினை ஓடவிட்டு, நிறுத்தி, முழுசாக ஆறும்வரை காத்திருந்து, அடியிலிருந்த குழாயைத் திறந்தார். அழுகிய தேங்காய்த் தண்ணீர் போல ஒரு பழுப்பு இறங்கியது. இரண்டு நாள் அப்படியே செய்தார்கள். பிறகு ரேடியேட்டரைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்து, கீழிருந்து மேலாகத் தண்ணீரை அடித்ததில் தட்டுத் தட்டாகக் காறை உதிர்ந்தது. ரப்பர் குழாய்களை அமுக்கிப் பார்த்தார். ஒன்று ஊறின தோல் மாதிரி தொளதொளத்தது. அதை மாற்றினார். விசிறியையும் டைனமோவையும் சுற்றவைக்கும் பெல்ட் இன்னும் ஒரு வருஷம் தாங்கும் என்று நினைத்தார். ஆனாலும் கூடவே ஒன்று வைத்துக்கொள்ளச் சொன்னார்.

அதிலிருந்து வண்டி கிணற்றுத் தண்ணீரைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு நாள் காலையும், எஞ்சினைக் கிளப்பும் முன், சொர்ணமே மூடியைத் திறந்து தண்ணீர் மட்டத்தைப் பார்த்தாள். தெய்வநாயகம் வண்டியை ஓட்டினான், ஆனால் மூடிக்குப் பக்கத்தில் வரவில்லை. ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த வண்டிதான் என்று தெரிந்தும், அவள் கையை மூடியில் வைத்தவுடன் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

ஐப்பசியில் ஒருநாள், முந்தின நாள் ஒரு பிரசவத்துக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த அவள் திரும்பிவரத் தாமதமானது. விடிகாலையிலேயே ஒரு சவாரி இருந்தது. தெய்வநாயகம் வண்டிக்கு முன்னால் நெடுநேரம் நின்றான். பிறகு சாக்குத்துணியை நான்காக மடித்து மூடியில் வைத்து, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, மெல்லக் கால் சுற்றுத் திருப்பி நிறுத்தினான். ஒரு சத்தமும் இல்லை. மீதியையும் திருப்பினான். தண்ணீர் நிறைந்து கிடந்தது. சொர்ணம் வந்ததும் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தான். அவள் வந்ததும், இன்னிக்கு மூடியை நானே தொறந்தேன் என்றான். அவள், நல்லது, இனிமே நீங்களே பாத்துக்குங்க என்று மட்டும் சொல்லிவிட்டு உலை வைக்கப் போனாள்.

அடுத்த வருஷம் ஆடி ஐந்தாம் வெள்ளி. வீராம்பட்டினத்தில் தேர். காலை எட்டு மணிக்குப் பலராமன் என்கிற மீனவன் அந்த ஊரிலிருந்து சைக்கிளில் வந்து வாசலில் விழாத குறையாக இறங்கினான். அவன் மனைவி அன்னக்கிளிக்கு விடியும் முன்பே பனிக்குடம் உடைந்துவிட்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று ஊர் மருத்துவச்சி கைவிட்டுவிட்டாள். குறுக்கே கிடந்தால் கத்தி வைக்கத்தான் வேண்டும் என்று சொர்ணத்துக்குத் தெரியும். போய்ப் பார்ப்பது மட்டும் போதாது, அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவர வேண்டும்.

பலராமனையும் ஏற்றிக்கொண்டு கிளம்பியவர்களுக்கு அரியாங்குப்பம் தாண்டியதும் ரோடே தெரியவில்லை. கட்டை வண்டிகளும் நடைக் கூட்டமும் தேருக்குப் போய்க்கொண்டிருந்தன. முதல் கியரிலேயே ஊர்ந்தார்கள். ஒரு மைல் போயிருப்பார்கள், டேஷ்போர்டில் டைனமோவின் சிவப்பு எச்சரிக்கை விளக்கு எரிந்தது. தெய்வநாயகம் அந்தக் கணமே வண்டியை ஒரு பூவரச மரத்தடிக்கு ஒதுக்கி எஞ்சினை நிறுத்தினான். முன்மூடியைத் தூக்கினால், விசிறி பெல்ட் அறுந்து தொங்கியது. ரேடியேட்டருக்குள் தண்ணீர் குமுறும் சத்தம் கேட்டது.

பலராமன் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டு மூடியை நோக்கிப் பாய்ந்தான். தெய்வநாயகத்தின் நீளாத விரல்கள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டன.

"தண்ணி ஊத்திக்கினு போயிடலாண்ணே. அவ சாவுறாண்ணே அங்க."

"இப்போ தொறந்தா நீயும் போவ மாட்டே, வண்டியும் போவாது" என்றான் தெய்வநாயகம். "என் மூஞ்சியப் பாரு. நல்லாப் பாரு."

பலராமன் பார்த்தான். கை தளர்ந்தது.

சொர்ணத்துக்கு அந்த நேரத்தில், திறந்தால்தான் என்ன என்று ஒரு எண்ணம் வந்தது உண்மை. அவள் அதை விழுங்கிக்கொண்டு, எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டாள்.

"முக்கால் மணி. வந்துடுவேன்."

"வந்துடுங்க" என்றாள் அவள். பெட்டியைப் பலராமன் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டான். இரண்டு பேரும் கூட்டத்துக்குள் நடந்து மறைந்தார்கள்.

தெய்வநாயகம் காத்திருந்தான். வண்டியைச் சுற்றி ஆள் கூடியது. ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். ஒருவர் பக்கத்துக் குட்டையிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து எஞ்சின்மேல் ஊற்றப் போனார். காய்ந்த இரும்பில் பச்சைத்தண்ணீர் பட்டால் விரிசல் விட்டுவிடும் என்று சொல்லி அவரைத் தடுத்தான். பிள்ளைத்தாச்சிப் பெண் காத்திருக்கிறாள் என்று தெரிந்ததும் ஒரு பெரியவர், மனசு இல்லாதவன் என்று ஏசினார். பொழுது போகவே மாட்டேனென்றது. மணலில் நடந்துகொண்டிருக்கும் சொர்ணத்தை நினைத்தான். எழுந்து மூடியைத் திறந்துவிடக் கை பரபரத்தது. இரண்டு கையையும் கட்டிக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்தான்.

இருபது நிமிஷம் கழித்து, சூடு கொஞ்சம் தணிந்தபோது, சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டைனமோவின் போல்ட்டுகளைத் தளர்த்தினான். சரியாக நீளாத விரல்களால் புது பெல்ட்டை மாட்டுவதற்குள் இரண்டு தடவை ஸ்பானர் நழுவியது. மூன்றாவது தடவை மாட்டி, இழுத்து இறுக்கினான். பிறகு ரேடியேட்டரின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்தான். பத்து எண்ணும்வரை வைத்திருக்க முடிந்தது. சாக்கை மடித்து மூடியில் போட்டு, கூட்டத்தை விலகச் சொல்லி, முகத்தைத் தள்ளிக் கால் சுற்றுத் திருப்பினான். உஸ்ஸென்று மிச்ச ஆவி போனது. அது அடங்கும்வரை நின்றான். பிறகு முழுசாகத் திறந்து, எஞ்சினைக் கிளப்பி, டின்னில் கொண்டுவந்திருந்த மழைத்தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான்.

ஏசிய பெரியவர்தான் கைத்தடியை உயர்த்திக்கொண்டு முன்னால் நடந்து, வண்டிகளை ஒதுக்கி வழி செய்து கொடுத்தார்.

குடிசையில் சொர்ணம் அன்னக்கிளியை ஒருக்களித்துப் படுக்கவைத்திருந்தாள். பிள்ளையின் கை வெளியே வந்திருந்தது. அதைப் பிடித்து இழுக்கலாம் என்று சொன்னவர்களை வெளியே அனுப்பிவிட்டு, தாயின் நாடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஹாரன் சத்தம் கேட்டதும் எழுந்து, கட்டிலோடு தூக்குங்கள் என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது தெய்வநாயகம் வழியில் எங்கும் நிற்கவில்லை. சிவப்பு விளக்கும் எரியவில்லை.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடியப் பிற்பகல் ஆகிவிட்டது. பலராமனும் தெய்வநாயகமும் தாழ்வாரத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் கன்னத்தைப் பார்த்துப் பலராமன், இன்னும் வலிக்குமாண்ணே என்று கேட்டான். வெயிலில் எரியும், மற்றபடி ஒன்றுமில்லை என்றான் தெய்வநாயகம்.

சொர்ணம் வெளியே வந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"பொண்ணு" என்றாள். "ரெண்டு பேரும் நல்லாருக்காங்க."

பலராமன் எழுந்து அவளைக் கும்பிட்டான். அவனுடைய தாய் ஊரில் சேதி தெரியாமல் தவித்துக்கொண்டிருப்பாள் என்று சொர்ணம் நினைவுபடுத்தினாள். தெய்வநாயகம் அவனை முன் சீட்டில் ஏற்றிக்கொண்டு கிளம்பினான். திரும்பிவரும் ஜனங்களுக்கு வழிவிட்டு மெதுவாகப் போனார்கள். வீராம்பட்டினம் போய்ச் சேர்ந்தபோது தேர் நிலைக்கு வந்திருந்தது. பலராமன் வண்டியிலிருந்து குதித்துத் தன் தாயைத் தேடி ஓடினான்.