நூறு சதவீத ஈரம்

1

இந்தக் கதை துக்கத்தில் பிறந்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் ஒரு பலகை வெடித்த சத்தத்தில் பிறந்தது.

முதல் தொடக்கம்: அவன் எழுந்தான். பல் தேய்த்தான். காபி போட இரண்டு தம்ளர் எடுத்து, ஒன்றைத் திரும்ப வைத்தான்.

(அடித்துவிடுங்கள். மனைவி இறந்த கதை எல்லாவற்றிலும் அந்த இரண்டாவது தம்ளர் வந்து உட்கார்ந்துகொள்கிறது.)

இரண்டாம் தொடக்கம்: அவன் எழுந்தான். பல் தேய்த்தான். காபி குடித்தான். சட்டை போட்டான். மச்சானின் மரப்பட்டறைக்குப் போனான்.

இது இருக்கட்டும்.

2

மச்சான் என்றால் இறந்துபோன மனைவியின் அண்ணன். பட்டறையில் பச்சை மரத்தைப் பலகையாக அறுத்து, ஒரு சூட்டறையில் அடுக்கிக் காயவைப்பார்கள். உள்ளே காற்றில் ஈரம் குறைந்தால் பலகை வெடிக்கும், கூடினால் காயாது. அந்த அறையை என் — அவனுடைய மனைவிதான் பார்த்துக்கொண்டாள். ஈரத்தை அளக்கக் கருவி செய்து தருகிறேன் என்று அவன் வீறாப்பாகச் சொன்னான். படித்தவன் அல்லவா.

மலிவான சென்சார் அந்தச் சூட்டில் ஒரே நாளில் மண்டையைப் போட்டது. இரண்டாவதும் போட்டது. (மூன்றாவதைப் பற்றிக் கேட்காதீர்கள்.) பிறகு பழைய வழிக்கு வந்தான். சூடு தாங்கும் இரண்டு வெப்பமானிகள். ஒன்று சும்மா தொங்கும். இன்னொன்றின் மேல் ஈரத்துணி. துணியின் வால் ஒரு கிண்ணத் தண்ணீரில் கிடக்கும். காற்று எவ்வளவு காய்ந்திருக்கிறதோ, அவ்வளவுக்குத் துணி குளிரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கணக்கு. வித்தியாசமே இல்லையென்றால் நூறு சதவீத ஈரம்.

"தானா ஓடும், யாரும் தொட வேணாம்" என்று பட்டறை முழுக்கத் தம்பட்டம் அடித்தான்.

3

அவள் போனபின் பூட்டிக் கிடந்த அறையில் முதல் அடுக்கு அது. பள்ளிக்கூட பெஞ்சுகளுக்கு வாக்குக் கொடுத்த மரம். கருவியின் திரையில் நூறு.

"என்ன மாப்ள, உள்ள மழையே பெய்யுது போல?" என்றார் மச்சான். "ஜன்னலத் தொறக்கவா?"

"தொறங்க மச்சான். மெஷின் பொய் சொல்லாது."

மதியம் உள்ளே 'பட்' என்றது. பிறகு 'பட் பட்'. கதவைத் திறந்தால் பாதி அடுக்கு வாய் பிளந்து நின்றது.

கிண்ணத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை. துணி அட்டைபோல விறைத்திருந்தது. இரண்டு வெப்பமானியும் ஒரே சூட்டைக் காட்ட, கருவி முழு ஈரம் என்று சத்தியம் செய்துகொண்டிருந்தது.

"இதுக்கு யாரு தண்ணி ஊத்துவா?" என்றார் மச்சான்.

அவன் காலிக் கிண்ணத்தைக் கையில் எடுத்தான்.

"அடப்பாவி, தானா ஓடும்னியே! தெனம் அவதான் ஓட்டினாளா?"

(இங்கே அவனை அழவைக்கப் பார்த்தேன். 'அவன் கண்களில்' — வேண்டாம். அடக்கத்தன்றே அழவில்லை, கல்லுளிமங்கன் என்றார்கள். பலகைக்கா அழப்போகிறான்?)

4

முடிவுகள்.

அ. வெடித்ததை வெட்டிக் கழித்து, குட்டை பெஞ்சுகள் செய்கிறார்கள்.

ஆ. தண்ணீர் குறைந்தால் மணியடிக்க அவன் இன்னொரு சென்சார் வைக்கிறான். (இவன் திருந்த மாட்டான்.)

இ. கனவில் அவள் வந்து மன்னிக்கிறாள். (அவள் அப்படிப்பட்டவள் இல்லை.)

பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். அவளுக்குக் கடைசி வசனமாக அழகாக ஏதாவது எழுதித் தரவும் பார்த்தேன். வாய்க்கவில்லை. வழியில் கவிழப்போகிற பஸ்ஸைப் பிடிக்க அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். அவன் சாலிடரிங் கம்பியிலிருந்து தலை தூக்காமல் 'ம்' கொட்டினான். அவள் சொன்னது இவ்வளவுதான்:

"கிண்ணத்துல தண்ணி ஊத்திட்டேன். நாளைக்கு நீ ஊத்திடு, சரியா?"