ஜாசிப் பேசி நிரப்பிய குழாய்கள்

கை கால் கழுவி, தொழுகிற திசையான கிப்லா பக்கம் திரும்பி உட்கார்ந்து சொல்லும் விஷயம் இது. இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் இதை எழுதுகிற கை வருகிற வெள்ளிக்கிழமைக்குள் விளங்காமல் போகட்டும்.

பஸ்ராவில், சந்தைக்குப் பக்கத்து ஆய்வகக் கட்டிடத்தில் ஜாசிப் முப்பத்து நான்கு வருஷமாக ரத்தம் எடுத்தவர். அவர் எடுத்ததையெல்லாம் ஒரே நாளில் ஆற்றில் ஊற்றினால் மதியம் வரை ஷத் அல்-அரப் சிவப்பாகத்தான் ஓடும். அதில் பாதி, அவரைத் திட்டிக்கொண்டே வந்த ரத்தம். மனுஷன் களைத்துவிட்டார். இரண்டு வருஷமாக வலது கை வேறு நடுங்கியது. ஊசி ஒரு நரம்புக்குப் போகிற வழியில் மூன்று நரம்புகளை விசாரித்துவிட்டுத்தான் போகும். ஓய்வுக்கு இன்னும் நாலு வருஷம் இருந்தது.

அந்த நேரத்தில்தான் தலைநகரிலிருந்து கடிதம் வந்தது. சர்க்கரை பார்க்க ரத்தம் தேவையா, எச்சில் போதாதா என்று ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். நாற்பது பேரிடம் ஆளுக்கு ஒரு குழாய் எச்சில், ஒரு குழாய் ரத்தம் எடுக்க வேண்டும். நாற்பதும் ஒத்துப்போனால் எச்சில் இயந்திரம் வரும், ஊசி போகும். ஜாசிப் அதை மூன்று தரம் படித்தார். இனிமேல் யாரையும் குத்த வேண்டாம் என்ற நினைப்பிலேயே அவருக்குத் தூக்கம் வந்தது.

வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும் என்று இருந்தது. ரமலானில் ஊரே வெறும் வயிற்றோடுதானே திரிகிறது, ஆளாளுக்குச் சொல்லிவிடுகிற வேலை மிச்சம் என்று யாரோ ஒரு புத்திசாலி அந்த மாதத்தையே குறித்துவிட்டார். அது ஆகஸ்ட். வெயிலில் பறக்கத் தெம்பில்லாமல் காக்கைகள் நடந்து போயின. விடியலிலிருந்து சொட்டுத் தண்ணீர் படாத வாயில் எச்சிலுக்கு எங்கே போவது?

முதல் ஆள் மீன்கடை மிஸ்ஹிர். காலை முழுக்க ஏலம் கூவிய வாய். கால் மணி நேரம் குழாயை உதட்டில் வைத்திருந்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு, ஜாசிபை மூத்த மகன் பேரால் அழைத்துக் கேட்டார்:

"என்னய்யா அபூ சஜ்ஜாத், எச்சில் வேணுமா, மணல் வேணுமா? மணல்னா இப்பவே தரேன்."

"கொஞ்சம் முக்கிப் பாருங்க ஹாஜி."

"முக்கினா வர்றது வேற."

எலுமிச்சையை நக்கினால் ஊறும், நோன்பு முறியும். ஜாசிப் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். காலும் வலித்தது. இழவுச் செய்தி வாசிக்கிற குரலில் சொல்லத் தொடங்கினார்.

"ஸ்பூர் மீன், ஹாஜி. வயித்தைக் கீறியாச்சு. உள்ளே புளிக்கரைசல், பொடியா அரிஞ்ச வெங்காயம். காய்ஞ்ச எலுமிச்சையைத் தட்டிப் போட்டாச்சு. அனல்ல நிக்க வச்சாச்சு. தோல் வெடிக்குது. கொழுப்பு சொட்டுது..."

"நிறுத்துய்யா பாவி!"

குழாய் நிரம்பியிருந்தது. மூடி போடுவதற்குள் இன்னொன்றும் நிரம்பியது. அப்புறம் வாளி கொண்டுவர வேண்டியதாயிற்று.

"நோன்பாளியை இந்தப் பாடு படுத்தினதுக்கு மறுமையில உனக்குக் கேள்வி உண்டு," என்றார் மிஸ்ஹிர், வாயைத் துடைத்துக்கொண்டு. "ஆமா, தொட்டுக்க மாங்காய் ஊறுகாய் வச்சியா?"

எச்சில் முதலில், ஊசி அப்புறம். குத்திய பிறகு எவன் வாயிலும் எச்சில் வராது, வசவுதான் வரும். இப்படியே நாற்பது பேர். நாற்பது தரம் மீனைக் கீறி, நாற்பது தரம் அனலில் வைத்தார் ஜாசிப். அவரும் நோன்பாளிதான். நாள் முடியும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

ஆய்வகத் தலைவி டாக்டர் இப்திஹால் தாளை நீட்டினார்.

"நாற்பதும் அச்சு அசலா ஒத்துப்போகுது ஜாசிப். ஆனா இது வெறும் வயித்துச் சர்க்கரையா? எல்லாரும் விருந்துச் சாப்பாடு சாப்பிட்டுட்டு நேரா இங்க வந்த மாதிரியில்ல இருக்கு!"

மிஸ்ஹிரைக் கூப்பிட்டு விசாரித்தார். அவர் கொதித்துப்போனார்.

"நோன்பை முறிச்சேங்கிறீங்களா டாக்டரம்மா? என் வாய் வழியா ஒண்ணும் போகல. காது வழியா போனதுக்கு இந்த ஆளைக் கேளுங்க."

டாக்டரம்மா பேனாவை எடுத்தார். ஒத்துப்போகிறதா என்பதுதானே கேள்வி? 'ஒத்துப்போகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பெருநாள் கழிந்ததும் இயந்திரம் வந்தது. ஊசிகள் அலமாரிக்குள் பூட்டப்பட்டன. அன்று ஜாசிப் பதினான்கு மணி நேரம் தூங்கினார்.

தூக்கம் அதோடு சரி. மிஸ்ஹிர் சந்தை முழுக்கச் சொல்லியிருந்தார். இப்போது எல்லார் வாயும் ஈரம்தான், இருந்தும் மீன் கதை கேட்காமல் ஒருத்தரும் துப்ப மாட்டேன் என்றார்கள். ஒருத்தருக்கு மீன் ஆகாது, இலையில் அரிசி சுற்றி வேகவைத்த டோல்மா வேண்டும். இன்னொருத்தருக்குப் பல் இல்லை, கஞ்சியாகச் சொல்ல வேண்டும். ஒரு அம்மா, "போன வாரம் சொன்ன டோல்மாவுல உப்பு கம்மி தம்பி, வீடு வரைக்கும் சப்புன்னு இருந்துச்சு," என்று திரும்பி வந்தார். ஒரு நாளைக்கு நூற்றிருபது பேர். ஜாசிபின் தொண்டை தேய்ந்தது. மூன்றாம் மாதம் மனைவி தட்டில் மீன் வைத்தபோது அவர் வாயில் ஒரு துளி ஊறவில்லை. ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்றுவிட்டுப் படுத்தார்.

மறுநாள் காலை டாக்டரம்மா முன்னால் போய் நின்றார்.

"ஊசியைக் குடுத்துடுங்க."

"கை நடுங்குமே ஜாசிப்?"

"நடுங்கட்டும். குத்தினா அவங்க கத்துவாங்க, நான் சும்மா நிப்பேன். இப்ப நானில்ல நாள் பூரா கத்துறேன்."

டாக்டரம்மா அலமாரியைத் திறந்தார். வரிசையில் முதல் ஆள் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, "இன்னிக்கு என்ன சமையல்?" என்று கேட்டான். ஜாசிப் ரப்பர் பட்டையை இறுக்கி ஊசியை இறக்கினார். அவன் போட்ட சத்தம் தெரு முனை வரை கேட்டது. ஜாசிப் கண்ணை மூடி, ரொம்ப நாளைக்குப் பிறகு, கொஞ்சம் ஓய்வெடுத்தார்.

ஜாசிப் ரத்தம் எடுத்ததாக நான் சொன்ன அந்தக் கட்டிடத்தில், கட்டிய நாள் முதல் எக்ஸ்ரே மட்டும்தான் எடுக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது.