எக்ஸ்பிரஸ் ஜெபமாலை

என் வீட்டுக்காரர் ஏசுராஜ் ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தால், டிவியில் சீரியல் தொடங்குவதற்குள் முடித்துவிடுவார். அதனாலேயே கரடியூரில் அவருக்கு ஏக மரியாதை. அக்டோபர் மாதம் முழுக்கச் சாயங்காலம் ஒவ்வொரு வீடாக ஜெபமாலை நடக்கும். எல்லா வீட்டிலும் அவர்தான் முன்னால் சொல்ல வேண்டும் என்பார்கள். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து காலையில் ஆள் பேர் கூப்பிட்டுப் பழகிய வாய். மாதாவையும் அதே வேகத்தில்தான் கூப்பிடும்.

முன்னால் சொல்பவர் பாதி ஜெபம் சொல்ல, மற்றவர்கள் மீதிப் பாதியைச் சொல்ல வேண்டும் என்பது முறை. எங்கள் வீட்டு மகாராஜா நாங்கள் ஆமென் சொல்லும்வரை பொறுக்கமாட்டார், அடுத்ததை எடுத்துவிடுவார். அவரைப் பிடிக்க நாங்களும் அவர் பாதி முடியும் முன்பே உள்ளே புகுவோம். நடுவில் மூச்சு இழுக்க நேரமே கிடையாது. கிடைத்த இடத்தில் அள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ஜெபத்தில் மட்டும் என்றால் சகித்துக்கொள்ளலாம். சமையல், சாப்பாடு, பஸ் பிடிப்பது எல்லாமே அவர் வேகத்துக்குத்தான். போன வருடம் மேட்டு மேல் குகை மாதிரிக் கட்டியிருக்கும் மாதா கெபிக்கு ஜெபமாலை சொல்லிக்கொண்டே பவனி போனபோது பாதி வழியில் எனக்கு மூச்சு வாங்கி, கண் இருட்டி, ஒரு சில்வர் ஓக் மரத்தைக் கட்டிப்பிடித்து நின்றேன். என்னை ஜீப்பில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். எனக்கு அவமானமாக இருந்தது.

இந்த வருடம் என் மகள் ஜெஸ்லின் பிரசவத்தில் நொந்து கிடந்தபோது, தாயும் பிள்ளையும் நல்லபடியாகப் பிழைத்தால் கெபிக்கு நடந்தே வருகிறேன் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டேன். பிழைத்துவிட்டார்கள். இனி நான் நடக்க வேண்டும். ஜீப்பில் போனாலும் மாதா ஏற்றுக்கொள்வாள் என்றார் இவர். மாதாவுக்கும் இவர்தான் ரைட்டர் போல.

டாக்டர் யாஸ்மினிடம் போனேன். ரத்தம், இருதயம் எல்லாம் பார்த்தாயிற்று, எதிலும் கோளாறில்லை. என் வயிற்றில் கையை வைத்து மூச்சை இழுத்து விடச் சொன்னார். தோள்தான் ஏறி இறங்கியது, வயிறு அசையவே இல்லை.

"மூச்சு வவுத்துக்கே போறதில்லீங்கக்கா, கழுத்தோட திருப்பி அனுப்பிடறீங்க. அதான் நொம்ப சீக்கிரம் களைச்சுப் போறீங்க" என்றார்.

எண்ணி இழுத்து, எண்ணி விடச் சொன்னார். எண்ண ஆரம்பித்ததும் எனக்குப் பதற்றம்தான் கூடியது. அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, நன்றாகத் தெரிந்த எதையாவது ஒரே மூச்சில் நிதானமாகச் சொல்லி முடிக்கச் சொன்னார். விட்டு முடித்தால் புது மூச்சு தானாக உள்ளே வருமாம்.

எனக்கு நன்றாகத் தெரிந்தது வேறென்ன? மறுநாள் முதல் சமையலறையில் தனியாக, வயிற்றில் ஒரு கை வைத்துக்கொண்டு, பாதி ஜெபத்தை மெதுவாகச் சொல்லி நிறுத்தினேன். டாக்டர் சொன்னது போலவே மூச்சு உள்ளே போய் வயிறு தானாக மேலே வந்தது. கொஞ்ச நாளில் தூக்கம் நன்றாக வந்தது. பஸ்ஸுக்கு ஓடுவதை விட்டேன், அடுத்த பஸ்ஸில் போனேன். இவர்தான் என் காலில் என்ன கோளாறு என்று கேட்டார்.

பவனி அன்று சாயங்காலம் இவர் மைக்கோடு முன்னால் கிளம்பினார். மேடு தொடங்கியதும் வேகம் இன்னும் கூடியது. நான் அவரைத் துரத்தவில்லை. என் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு பின்னால் நடந்தேன். போன வருடத்து மரம் வந்தது. அதைத் தாண்டிய வளைவில் மைக்கில் ஒரு இருமல் கேட்டது. அப்புறம் புஸ் புஸ்ஸென்று மூச்சுச் சத்தம் மட்டும் மலை முழுக்கக் கேட்டது. போய்ப் பார்த்தால் எங்கள் எக்ஸ்பிரஸ் ஒரு பாறையில் உட்கார்ந்திருக்கிறது, முகமெல்லாம் வியர்வை. பயந்துபோனேன். தண்ணீர் கொடுத்து, அவர் மூச்சு கொஞ்சம் அடங்கும்வரை பக்கத்திலேயே நின்றேன்.

பிறகு மைக்கை நான் வாங்கினேன். பாதியைச் சொல்லி நிறுத்தினேன். ஜனங்கள் பழக்க தோஷத்தில் முந்திக்கொண்டு முடித்துவிட்டு, அடுத்தது ஏன் வரவில்லை என்று முழித்தார்கள். நான் வயிறு நிறைய மூச்சு வாங்கிக்கொண்டுதான் ஆரம்பித்தேன். சிலர் முனகினார்கள். முனகட்டும். போகப் போக நடையும் ஜெபமும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. அதன் பிறகு மேட்டில் யாரும் உட்காரவில்லை.

கெபியில் முழங்காலிட்டேன். பேத்தியின் முகம் நினைவுக்கு வந்து அழுகையாக வந்தது. கடைசி ஆளாக இவர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீ நிறுத்துன எடத்துலதான் லூர்து எனக்கு மூச்சே வந்துச்சு. இத்தன வருசமா உனக்கு நான் அந்த எடத்தக் குடுக்கவே இல்ல."

"இப்பத்தான் தெரியுதுங்களா?" என்றேன். கோபமாகச் சொல்லத்தான் நினைத்தேன், குரல் அப்படி வரவில்லை.

இறங்கும்போது மைக்கை அவரிடமே கொடுத்தேன். முதல் ஜெபத்தில் தன் பாதியைச் சொன்னார். நாங்கள் சொல்லி முடித்தோம். உடனே ஆரம்பிக்க வாயைத் திறந்தவர், சட்டென்று மூடிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் நிதானமாக ஒரு மூச்சு இழுத்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

அன்று ஊரில் எல்லோருக்கும் சீரியல் போயிற்று.