மலை ஏறிய தண்ணீர்

நோக்வேசியின் வீட்டுத் தண்ணீர் ஜூன் மாதத்தில் மலை ஏறத் தொடங்கியது. வாளியின் விளிம்பைத் தாண்டி, வாசலைக் கடந்து, மக்காச்சோளக் கொல்லையின் ஓரமாக, கடைக்குப் போகிற பெண்ணைப் போல அவசரமில்லாமல் மேட்டில் ஏறிப் போனது. ஜூனில் குளிர்காலம் வரும் தெற்கு நாட்டு லிபோடே பக்கத்தில் அந்த வருடம் வெங்காயம் விலை ஏறியிருந்தது, ஆடுகளுக்குச் சொறி வந்திருந்தது. ஆகவே ஊர் இதைப் பற்றி இரண்டு நாள்தான் பேசியது. தண்ணீர் எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை. மலை மேல் ஒரு புல் குடிசை இருந்தது. விருத்தசேதனம் முடிந்த பையன்கள் புண் ஆறி ஆண்களாகும் வரை அங்கேதான் இருப்பார்கள். பெண்கள் அந்தப் பக்கம் காலெடுத்து வைக்கக் கூடாது.

சில வருடங்களுக்கு முன் அவளுடைய மூத்த மகன் லுவான்டிசோ அந்த மலையில்தான் இறந்தான். முதல் வாரம் பையன்களுக்குத் தண்ணீர் கிடையாது, அரைவேக்காட்டுச் சோளம் மட்டும்தான். தண்ணீர் குடித்தால் புண் ஆறாது என்பது நம்பிக்கை. அவனைக் கொன்றது புண் அல்ல, தாகம். அதற்குப் பிறகு நோக்வேசி ஏறாத படியில்லை. கடைசியில் அரசு மருத்துவமனை ஆண் செவிலியர் மலூசியை அழைத்து வந்தாள். அவரும் மலைக்குப் போய் வந்தவர் என்பதால் மாட்டுப்பட்டியில் கூடிய ஆண்கள் காது கொடுத்தார்கள். அவள் வேலிக்கு வெளியே நின்றாள்.

"பொம்பளைக்கு மலை விஷயத்துல என்னம்மா வேலை?" என்று ஒரு பெரியவர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

"நான் வரல மாமா. தண்ணிய மட்டும் போக விடுங்க."

ஆண்கள் சிரித்தார்கள். ஆனால் பையன்களைப் பார்த்துக்கொள்ளும் ஸோலிலே சிரிக்கவில்லை. லுவான்டிசோ அவன் மடியில்தான் உயிரை விட்டிருந்தான். இனி முதல் நாளிலிருந்தே தண்ணீர் கொடுப்பேன், மலூசி எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று எல்லார் முன்னாலும் சொன்னான். அந்த நம்பிக்கையில்தான் இளையவன் லிசலீசேயை அவள் மலைக்கு அனுப்பினாள். அவன் போன மறுநாள் தண்ணீர் கிளம்பியது.

ஸோலிலே வாக்குத் தவறவில்லை. குடிசை வாசலில் குழி வெட்டி, ஏறி வந்த தண்ணீரைத் தேக்கினான். பையன்கள்தான் குடிக்கவில்லை. மலையிலிருந்து இறங்கியதும் ஆண்கள் ஒருவரையொருவர் கேள்வி கேட்டுச் சோதிப்பார்கள், குடித்தவன் யார் என்பது வெளியே வந்துவிடும், ஆயுசுக்கும் கேலிதான் என்று அவர்களுக்குத் தெரியும். ஈரம் பக்கத்தில் வரும்போதெல்லாம் லிசலீசே பாயை இழுத்துச் சுவரோரம் போட்டுக்கொண்டான். அவன் கண்கள் குழி விழுந்ததும் ஸோலிலே மலூசிக்கு ஆள் அனுப்பினான். மலூசி வண்டியை அடிவாரத்தில் விட்டுவிட்டு ஓடி வந்தார், அதற்குள் முடிந்திருந்தது.

நோக்வேசிக்கு யாரும் வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் திரும்பி வந்தது. பையன்கள் உடம்பில் பூசிக்கொள்ளும் வெள்ளைக் களிமண் கலந்து, பாலைப் போல மேட்டிலிருந்து இறங்கி, அவள் வாசலில் வந்து நின்றது. அதை மிதிக்காமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். சாயங்காலம் ஸோலிலே வந்து வேலிக்கு வெளியே நின்றான்.

"குடிடான்னு கெஞ்சுனேன் தங்கச்சி. கையில ஏந்தி வாய்கிட்டயே கொண்டு போனேன். 'உங்க காலத்துல நீங்க குடிச்சீங்களா மாமா?'ன்னு கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமான்னு சொல்லியிருக்கலாம். வாய் வரல."

"ஒரு பொய்தானே அண்ணே," என்றாள் அவள்.

அதற்குப் பின் ஒவ்வொரு ஜூனிலும் தண்ணீர் மலை ஏறுகிறது. சாலை போட்டவர்கள் அதற்காக அடியில் ஒரு குழாய் பதித்துக் கொடுத்தார்கள். மலையில் மகன் இருக்கும் தாய்மார்கள் ஆளுக்கொரு வாளி கொண்டு வந்து நோக்வேசி வாசலில் ஊற்றிவிட்டுப் போகிறார்கள். ஒன்றிரண்டு பையன்கள் குடிக்கிறார்கள் என்று ஸோலிலே சொல்கிறான். யார் என்று சொல்வதில்லை. மற்றவர்கள் தாண்டிப் போகிறார்கள். தண்ணீர் திரும்பி வராத வருடங்களும் உண்டு. அது வெள்ளையாக இறங்கும் நாளில் ஊரில் யாரும் துணி துவைப்பதில்லை.