லின் மெய் எழுதிவைத்த நகர்வு

படத்துக்கும் குத்துவிளக்குக்கும் இடம் எடுக்கிறேன் என்று நாகேஸ்வரி மேசையை இழுத்த இழுப்பில், செஸ் பலகையிலிருந்து கறுப்புக் குதிரை ஒன்று கீழே விழுந்தது. மற்றக் காய்கள் அசையவில்லை. குனிந்து எடுத்து, கைக்கு வந்த கட்டத்தில் வைத்தாள்.

"அக்கா, அது அங்கை இல்லை."

"எங்கை வைச்சா என்ன தம்பி? செத்தவீட்டிலை விளையாடவே போறாய்? வெளிக்கிடு. லாச்சப்பல் தெருவிலை வானை ரெண்டு நிமிசம் நிக்க விடாங்கள்."

ஞானசுந்தரம் நீட்டிய கையைப் பாதியில் இழுத்துக்கொண்டார். தன் முறை வராமல் காயைத் தொடக் கூடாது. முப்பது வருடமாக இந்த வீட்டுச் சட்டம் அது. சட்டம் போட்டவள் அவர் மனைவி லின் மெய். வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினாள். இன்று திங்கள், தகனம்.

லேசுப்பட்டவள் அல்ல. இரண்டு தடவை சீனப் பெண்கள் செஸ் சாம்பியன். பாரிசுக்குப் போட்டிக்கு வந்தவள் திரும்பிப் போகாமல் நின்று, ஒபர்வில்லியேயில் ஒரு கிடங்கில் ஜாக்கெட் மடித்தாள். அங்கே பெட்டி தூக்கிய ஞானசுந்தரம் அவளோடு ஒரு ஆட்டம் கேட்டுப் போய், மாப்பிள்ளையாகத் திரும்பினார். பட்டம் போனாலும் குணம் போகவில்லை. மகள் கஜந்தினி ஐந்து வயதில் அழுது புரண்டும் ஒரு சிப்பாயைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை. புருஷனுக்கு மட்டும் என்ன சலுகை? மனுசன் ஒரு ஆட்டம் வென்றதில்லை.

போன செவ்வாய்க்கிழமை மட்டும் வெல்லும் நிலையில் இருந்தார். அதுதான் இப்போது நெஞ்சைத் தின்றது. சாகப்போவது தெரிந்து, பாவம் என்று விட்டுத்தந்தாளோ? தெரிந்தும் ஒரு சொல் சொல்லாமல் போனாளோ?

அம்புலன்ஸ் வந்தபோது முறை அவளுடையது. ஆட்டம் பாதியில் நின்றால் அடுத்த நகர்வை எழுதி உறையில் ஒட்டிவைப்பது அவள் விளையாடிய காலத்து வழக்கம். வந்தவர்களைக் கையைக் காட்டி நிறுத்திவிட்டு எழுதினாள். நாக்கால் நனைத்து ஒட்டினாள். பலகைக்கு அடியில் செருகினாள்.

"திறவுங்கோ அப்பா," என்றாள் கஜந்தினி. "அம்மா இனி வரமாட்டா."

ஆறு நாளுக்கு முன் ஒட்டிய உறை. ஒட்டு இன்னும் ஈரமாக இருந்தது.

உள்ளே அவள் கையெழுத்தில் ஒரே வரி. ராணி, வெட்டுக்குறி, கட்டம். விரலால் எண்ணிப் பார்த்தார். நாகேஸ்வரி சற்று முன் குதிரையை வைத்த அதே கட்டம்.

"பிள்ளை, செவ்வாய்க்கிழமை இதிலை ஒண்டும் நிக்கேல்லை. வெறுங்கட்டத்திலை வெட்டு எண்டு ஆரும் எழுதுவினமே?"

"அம்மா பிழை விட்டிருப்பா."

"ஆர், கொம்மாவோ?"

கஜந்தினி சிலிர்த்த கைகளைத் தேய்த்துக்கொண்டாள்.

எழுதியிருந்தபடியே அவர் அவளுடைய வெள்ளை ராணியை எடுத்துத் தன் குதிரையை வெட்டினார். கறுப்பு ராஜாவுக்கு எந்தப் பக்கமும் வழியில்லை. ஆட்டம் முடிந்தது.

"விட்டுத்தரேல்லை," என்றார். கண்ணிலிருந்து நீர் பொலுபொலுவென்று கொட்டியது. "கடைசி வரைக்கும் விட்டுத்தரேல்லை, பார்!"

"தம்பி, சிரிக்கிறியோ, அழுறியோ? வான் வந்திட்டுது!"

தோற்றவர் ராஜாவைச் சரித்து, கைகொடுத்துவிட்டுத்தான் எழும்ப வேண்டும். அதுவும் அவள் சட்டம். ஞானசுந்தரம் ராஜாவைச் சரித்தார்.

தகன மண்டபத்தில் எல்லோரும் வாய்க்கரிசி போட்டு விலகிய பிறகு, பெட்டிக்கு மேல் குனிந்து அவளுடைய வலது கையைப் பிடித்து, ஒருமுறை குலுக்கினார்.