கால்சியம் பாட்டில்

கோகுல்நாத்தின் அம்மா ஊரிலிருந்து வருகிறாள் என்றதும் அவனும் சேவியரும் இரண்டு நாள் லீவு போட்டு ஔந்த் ஏரியாவில் இருந்த தங்கள் ஃபிளாட்டைத் தலைகீழாக்கினார்கள். சேர்த்துப் போட்டிருந்த இரண்டு கட்டில்களில் ஒன்று அடுத்த அறைக்குப் போனது. கோவாவில் எடுத்த போட்டோக்கள் பீரோவுக்குள் போயின. ஆஸ்பத்திரிக் காகிதங்களைச் சூட்கேசில் வைத்துப் பூட்டினார்கள். ஒன்பது வருடமாக ஒன்றாக வாழ்கிறவர்கள் ஒரே நாளில் வாடகையைப் பங்கு போடும் ரூம்மேட்டுகள் ஆகிவிட்டார்கள். நாடக செட் போடுகிறவன் தோற்றான் போங்கள்.

கோகுல் கோயம்புத்தூர்க்காரன், பக்கத்து ஏரியாவான பாணேரில் சாஃப்ட்வேர் வேலை. சேவியர் தூத்துக்குடி, பேங்கில் இருக்கிறான். கோகுலுக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்து, இது நடந்த 2008-ஓடு ஏழு வருடம். சேவியருக்கு அது இல்லை. முதல் இரண்டு மாதம் படுத்த படுக்கையாகப் பட்டபாடு ஜென்மத்துக்கும் போதும். அப்புறம் வாழ்க்கை தன்பாட்டுக்கு வழிக்கு வந்தது. இப்போது தினம் ஒரு மாத்திரை, ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு, டிவி ரிமோட்டுக்குச் சண்டை. கோகுல் சந்தோஷமாக இருந்தான் என்றுதான் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு எதுவும் தெரியாது என்பது ஒன்றுதான் குறை. தெரிந்தால் அம்மா தன்னைத் தலைமுழுகிவிடுவாள் என்று உறுதியாக நம்பியிருந்தான்.

வீட்டில் மறைக்காமல் விட்டது ஒன்றே ஒன்று, மாத்திரை. அதைத்தான் ஏற்கெனவே மறைத்து வைத்திருந்தானே! முன்பு இருவரும் வேறு நான்கு பேரோடு தங்கிய அறையில் ஆளாளுக்கு அடுத்தவன் அலமாரியைக் குடைவார்கள். அப்போது வந்த பழக்கம், மருந்துக்கடையிலிருந்து வந்ததும் மாத்திரைகளைப் பழைய கால்சியம் பாட்டிலில் கொட்டிவிடுவான். அவனைப் போல எச்.ஐ.வி. உள்ளவர்கள் மாதம் ஒருமுறை வானவடி ஏரியாவில் கூடுவார்கள். அங்கே பாதிப் பேருக்கு இந்த வித்தை தெரியும். ஹர்ஷா என்பவனின் மருந்து இருப்பது ஹாஜ்மோலா ஜீரண மிட்டாய் டப்பாவில். அப்படியாக அந்தப் பாட்டில் சாப்பாட்டு மேஜையில் ஊறுகாய்க்குப் பக்கத்தில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது.

அம்மா கோதை வந்த நான்காம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, சேவியர் தோசை வார்த்துக்கொண்டிருந்தான். அம்மா கோகுலுக்கு எதிரே மேஜை முன் வந்து உட்கார்ந்தாள்.

"கண்ணு, ரெண்டு நாளா கண்ண மூடுனா ஒரே கனவு. உங்கப்பா கூலிங்கிளாஸ் போட்டுட்டு ஆட்டுமேல ஏறி வாராரு. எந்திரிச்சா கிறுகிறுங்குது. ஆனா முட்டிவலி பரவால்ல."

"முட்டிக்கு என்னம்மா போட்டீங்க?"

"இந்தக் கால்சியந்தான். நீ தெனமும் சாப்புடறியே, உனக்கு ஒத்துக்கறது எனக்கு ஒத்துக்காதான்னு ராத்திரி ராத்திரி ஒண்ணு போட்டுக்கிட்டேன். ஊருக்குப் போறப்ப பாமா அத்தைக்கும் ஒரு பாட்டில் வாங்கிக் குடு."

கோகுல் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்கு ஓடி டாக்டரைக் கூப்பிட்டான். அவர் சிரிக்காத குறைதான். இரண்டு மாத்திரையால் ஒன்றும் ஆகாது, கனவு தானே நின்றுவிடும், அம்மா வழக்கமாகப் போடும் பி.பி. மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்றார்.

உயிர் வந்தது. இனி ஒரு பொய் போதும், எக்ஸ்பயரி ஆன பாட்டில் என்று தூக்கிப் போட்டுவிடலாம். பொய் அவனுக்குப் புதிதா என்ன? ஆனால் உள்ளே வந்து பார்த்தால், அம்மா பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பாமா அத்தைக்காக அதன் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். தன்னை நம்பி எதையும் விழுங்குகிறவளிடம் இன்னும் ஒரு பொய் சொல்ல அவனுக்கு நா எழவில்லை.

"அம்மா, அது கால்சியம் இல்லீங்க" என்றான். பிறகு நோயின் பெயரையும், ஏழு வருடத்துக்கு முன் இரண்டு மாதம் படுத்துக் கிடந்ததையும் சொன்னான். மருந்து இருக்கும்வரை மற்றவர்களைப் போல வாழலாம் என்பதைச் சொன்னான். "சேவியர் ரூம்மேட்டும் இல்லீங்கம்மா. எனக்குக் கல்யாணம்னு ஒண்ணு ஆச்சுன்னா, அது எப்பவோ இவனோட ஆயிருச்சு."

கரண்டியோடு சேவியர் அடுப்படி வாசலில் நின்றான். அம்மா அழுதாள். கோகுல் தொடப் போனபோது கையைத் தட்டிவிட்டாள். ஏழு வருசமாடா, ஏழு வருசமா, என்று மேஜையைத் தட்டினாள். கல்லில் தோசை தீய்ந்தது, யாரும் திரும்பவில்லை.

வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சேவியரைப் பார்த்தாள். "இவன் படுத்துக் கெடந்தப்ப யாரு பாத்துக்கிட்டது?"

"நான்தான்மா."

"அப்ப, நான் போன் பண்றப்பல்லாம் அமெரிக்கா போயிருக்கான்னு சொன்னது?"

"அதுவும் நான்தான். மன்னிச்சிருங்கம்மா."

"ரெண்டு மாசம்" என்றாள் அம்மா. "ஒவ்வொரு தடவையும் உனக்குத் தொண்ட கட்டியிருக்கும். இந்தப் பையனுக்கு ஏன் சளியே விடமாட்டேங்குதுன்னு நான் நெனச்சுக்குவேன்."

சேவியருக்குக் கண் நிறைந்துவிட்டது. அம்மா எழுந்துபோய் அவன் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டாள்.

"போய் உக்காரு சாமி. உனக்கு நான் சுட்டுத் தாரேன்."