கத்துது, காலை எடு

அவளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தது கணவர்தான். அந்த நன்றியை அவள் மறந்ததில்லை. மறக்க அவரும் விட்டதில்லை. ரொட்டிக் கம்பெனி வேனை ஓட்டியே ஓய்வு பெற்ற மனிதர். கியர் மாற்ற அவருக்கு மீட்டரைப் பார்க்க வேண்டாம், காது போதும். அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அந்த ஒரே பாடம்தான். "என்ஜின் கத்துதா? காலை எடு. கிளட்சை மிதி. அடுத்த கியரைப் போடு." பழைய காரில் பக்கத்தில் உட்கார்ந்து இதை வருஷக்கணக்காகச் சொல்லிவந்தார்.

பிறகு அவளுடைய தம்பி வெளிநாட்டில் குடியேறப் போனபோது, தன் எஸ்.யூ.வி.யை அக்காவுக்கு விட்டுப் போனான். ஆட்டோமேட்டிக் கியர். அது வந்ததும் பழைய காரை விற்றுவிட்டார்கள்.

"இது வண்டியா, வாஷிங் மெஷினா?" என்றார் கணவர்.

அந்தச் சமயத்தில்தான் அவள் வேலை பார்த்த ரத்தப் பரிசோதனைக் கூடம் பக்கத்து ஊரில் கிளை திறந்தது. பொறுப்பாளராக வரச் சொல்லி அவளைக் கேட்டார்கள். இத்தனை காலம் அடுத்தவர் கையெழுத்துக்காக ரிப்போர்ட்டை ஏந்திக்கொண்டு நின்றவள். அங்கே போனால் அவளே கையெழுத்துப் போடலாம். ஆனால் விடிந்ததும் கதவைத் திறக்க வேண்டும். அந்நேரத்துக்குப் பஸ் கிடையாது. கார் ஓட்டினால்தான் வேலை. திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

"ஞாயித்துக்கிழமை என்னை உட்கார வச்சு அந்த ஊர் வரைக்கும் ஓட்டிக் காட்டு. ஒழுங்கா ஓட்டிட்டா நான் வாயே திறக்கமாட்டேன்" என்றார் கணவர்.

"வாயே திறக்கமாட்டீங்களா? அப்ப வீட்டுக்கே வராம ஓட்டிக்கிட்டே இருக்கேன்."

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பாதி வழியில் ஜல்லி லாரி ஒன்று முன்னால் ஊர்ந்தது. எதிரே ஒரு பால் டேங்கர் தூரத்தில் புள்ளியாகத் தெரிந்தது. இடம் தாராளமாக இருந்தது. அவள் கண்ணாடியைப் பார்த்து, இண்டிகேட்டரைப் போட்டு, வண்டியை வலப்பக்கம் எடுத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள்.

ஆட்டோமேட்டிக் ஓட்டாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். அழுத்தி மிதித்தால் வண்டி உடனே பாய்ந்துவிடாது. ஒரு கணம் யோசிக்கும். பிறகு தானாகவே இரண்டு கியர் கீழே இறங்கி, பெருங்குரலில் கத்திக்கொண்டு முன்னே தள்ளும். அந்தக் கத்தல்தான் அதன் பலம். அப்போது காலை எடுக்கவே கூடாது. எடுத்தால், அவசரம் தீர்ந்தது என்று நினைத்து மறுபடி மேல் கியருக்குப் போய்ச் சாதுவாகிவிடும்.

வண்டி கத்தியது.

"கத்துது, காலை எடு!"

எடுத்துவிட்டாள்.

லாரியின் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் வண்டி தொங்கிப்போனது. திரும்ப மிதித்தாள், அது திரும்ப யோசித்தது. புள்ளியாக இருந்த டேங்கர் இப்போது முகம் முழுக்க விளக்காக வந்தது. பிரேக்கை அழுத்தி, லாரியின் முதுகுக்குப் பின்னால் செருகிக்கொண்டாள். டேங்கரின் ஹாரன் காதைக் கிழித்துக்கொண்டு போனது. பயப்படாதீர்கள், யாருக்கும் கீறல்கூட இல்லை.

ஓரமாக நிறுத்தினாள்.

"கொன்னிருப்பியே" என்றார்.

"நீங்கதானே காலை எடுன்னு சொன்னீங்க."

"நான் சொன்னா எடுத்துடுவியா? உனக்குன்னு புத்தி வேணாம்?"

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். அவர் சொல்லி அவள் செய்யாமல் விட்டது எது என்று தேடிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை.

அதோடு வீட்டுக்குத் திரும்பினார்கள். அவர்தான் ஓட்டினார். வழியில் ஒரு டிராக்டரை முந்தப் பார்த்தார். வண்டி கத்தியதும் அவர் காலும் தானாகத் தூக்கிக்கொண்டது. வண்டி அப்படியே சோர்ந்தது. எதிரே யாரும் வரவில்லை என்பதால் தப்பித்தார்கள்.

"உங்க காலும்தான் எடுக்குது" என்றாள்.

"வண்டியில கோளாறு."

அவள் விடவில்லை. திங்கட்கிழமை விடிந்ததும், அவர் எழுவதற்கு முன் தனியாக அந்தச் சாலைக்குப் போனாள். பக்கத்து இருக்கையில் கைப்பை மட்டும் இருந்தது. மரம் ஏற்றிய வண்டி ஒன்று முன்னால் போனது. எதிர்ப்பக்கம் கண்ணுக்கு எட்டியவரை காலி. மிதித்தாள். கத்தியது. எடுக்கக் கூடாது, எடுக்கக் கூடாது என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டிருந்தாள். கால் எடுத்துவிட்டது.

இன்னொரு தடவை முயன்றாள். அதற்கப்புறமும் ஒரு தடவை. சொல்ல ஆளே இல்லாத வண்டியில் கால் யார் பேச்சையோ கேட்டது.

வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், பரிசோதனைக் கூடத்துக்குப் போன் போட்டாள். "எனக்கு ஒத்துவராதுங்க. வேற யாரையாவது பாத்துக்குங்க."

டீ டம்ளரோடு வந்து நின்ற கணவர் அதைக் கேட்டார். "ஏன், வேண்டாம்னுட்டியா? நான் ஒண்ணும் தடுக்கலையே."

"இல்ல. நீங்க தடுக்கல."

மத்தியானம் மகள் போனில் கேட்டபோதும் அவர் அதையேதான் சொன்னார். "உங்கம்மாவே வேண்டாம்னுட்டா. நான் ஒரு வார்த்தை சொல்லலை. வேணும்னா அவளையே கேளு." போனை அவளிடம் நீட்டினார்.

அவள் வாங்கி, ஆமாம் என்றாள்.